கல்லாற்றில் மூட வேண்டிய குழாய்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஈரோட்டை விட்டுக் கிளம்பினோம். நானும் என் கணவர் செல்வராஜும் எங்களுடைய பதினோரு வயதுக் காரும். ஓட்டுவது நான்தான். அவருக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் மலைப்பாதையில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே போவதைவிட, நான் ஓட்டி அவரைத் தூங்கவிடுவதே குடும்பத்துக்கு நல்லது என்று பல வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது.

குன்னூரில் இருக்கும் நஸ்ரின் கோயம்புத்தூரில் என்னோடு பி.எட். படித்தவள். படித்து முடித்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்; அவள் குன்னூர் கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு மலையேறினாள். வீட்டுச் சமையலறையில் சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கி இருபது வருடமாகிறது. ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் அவள் செய்ததைக் கட்டாயம் தின்றிருப்பார்கள். பெட்டியில் கடையின் பெயர்தான் இருக்கும், அவள் பெயர் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் அஃப்ரினுக்கு நிக்காஹ். மண்டபம் மேட்டுப்பாளையத்தில். வருகிறவர்களுக்குக் கொடுக்க நானூற்றைம்பது பெட்டி சாக்லேட்டைத் தானே செய்வதாக நஸ்ரின் பிடிவாதமாக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டில், "கீழே வெயில் அடிக்குது, உருகிப்போகும், பேசாம லட்டு வாங்கிக்கலாம்" என்றார்களாம். இவள் கேட்கவில்லை. சாமான் வேனில் ஏசி கிடையாது. போனில் என்னைப் பிடித்தாள்.

"உன் கார்ல ஏசி நல்லா வேலை செய்யுமாடி?"

"ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும்" என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மைதான். மூன்று வருடமாக அப்படித்தான் குளிர்கிறது. ஏன் அப்படிக் குளிர்கிறது என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பெருந்துறை, அவிநாசி தாண்டி ஏழரைக்கு அன்னூரில் டீ குடித்தோம். டீ பதினைந்து ரூபாய். எட்டே காலுக்கு மேட்டுப்பாளையம். மீட்டரில் நூற்று மூன்று கிலோமீட்டர். புரட்டாசி பிறந்தும் வெயில் குறையவில்லை. கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டிவிட்டு, ஏற்றம் தொடங்கும் முன் ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கினேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். வண்டி இழுப்பதற்காக என்று சொன்னாலும், முதல் கொண்டை ஊசி வளைவில் உள்ளே வரும் காற்று ஓசியில் கிடைப்பது என்பதும் ஒரு காரணம்.

பர்லியாரில் நிறுத்தி, மங்குஸ்தான் அரைக் கிலோ வாங்கினோம். அதில் கால் கிலோ குரங்குக்குப் போய்ச் சேர்ந்தது. பதினான்கு வளைவுகளையும் கடந்து பத்து மணிக்குக் குன்னூர்.

நஸ்ரின் வீட்டில் உறவுக்காரர்கள் நிரம்பி வழிந்தார்கள். கட்டில்களில் துணிகள், மாடிப்படியில் செருப்புகள், குளியலறைக்கு வரிசை. ஆனால் பின்பக்கம் ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது. சாவி நஸ்ரினின் இடுப்பில். என்னை மட்டும் உள்ளே அழைத்துப்போனாள். சன்னல் வழியாகக் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. மேசை மேசையாகச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நான்கு சாக்லேட். மூடியில் மணமக்கள் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: அம்மா கையால்.

ஒன்றை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டாக உடைத்தாள். டக் என்றது.

"இந்தச் சத்தம் வரணும். வரலேன்னா அது சாக்லேட் இல்ல, சேறு. ஞாயித்துக்கிழமை மண்டபத்துல இந்தச் சத்தம் எனக்குக் கேக்கணும், சாந்தி."

கேட்கும் என்றேன். சொன்னபோது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நஸ்ரினே வந்து என் கையைப் பிடித்தாள். "இந்த வீட்டுல எல்லாரும் எங்கிட்ட ஊசி எங்க, நூல் எங்கன்னு கேக்கறாங்க. என்னைய ரெண்டு மணி நேரம் எங்கயாவது கடத்திட்டுப் போடி" என்றாள். நான் எமரால்டு ஏரியைப் பார்த்ததில்லை. கேத்தி பாலாடா வழியாகக் கிளம்பினோம். இருபுறமும் கேரட் தோட்டங்கள். பிடுங்கிக் கழுவிய கேரட்டுகளை மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போகப்போகத் தேயிலை, நடுநடுவே முட்டைக்கோஸ், பிறகு திடீரென்று கீழே நீர். முப்பத்து நான்கு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஏரிக்கரையில் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தோம். நஸ்ரின் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை நீட்டிக்கொண்டாள். அஃப்ரின் பிறந்த அன்று மழையில் ஆம்புலன்ஸ் வராமல் காய்கறி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போன கதையைச் சொன்னாள். என் கணவர் சோளக்கதிர் வாங்கிவந்தார், ஒன்று நாற்பது ரூபாய். அன்றைய மத்தியானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூன்றரைக்குத் திரும்பினோம். கேத்தியை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. வெளியில் பனி இருந்தால் விளக்கைப் போட்டு மெல்லப் போகலாம். இது உள்ளேயும் வந்தது. மூன்று பேரின் மூச்சும் முன் கண்ணாடியில் பால் பூசியதுபோல் படிந்தது. ஹீட்டரைப் போட்டுக் கண்ணாடியில் சூடான காற்று அடித்தால் தெளியும் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். வெப்பக் குமிழை முதன்முறையாகச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பினேன். ஈரோட்டில் அதைத் திருப்ப யாருக்கு வேலை இருக்கிறது!

வந்தது பச்சைத்தண்ணீர்க் காற்று.

ஏசியைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரில் அது ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது, கண்ணாடி தெளியவில்லை. நஸ்ரின் முன்னால் எட்டித் துப்பட்டாவால் துடைத்தாள். துடைத்த இடம் பத்து எண்ணுவதற்குள் மறுபடி வெளுத்தது. ஒரு வளைவில், தெளிந்திருந்த கையகல வட்டத்துக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது. பிரேக்கை மிதித்தேன். காரின் மூக்கிலிருந்து இரண்டு முழத்தில் ஒரு காட்டெருமை நின்றது. அது எங்களைப் பார்த்தது. பிறகு, நேரம் நிறைய இருக்கிறது என்பதுபோல் தேயிலைக்குள் இறங்கிப்போனது.

"யா அல்லாஹ்" என்று நஸ்ரின் முனகினாள். கல்யாணப் பெண்ணின் தாயைக் காட்டெருமைக் கொம்பில் ஏற்றியிருப்பேன். மீதித் தூரத்தைக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக் கடந்தேன்.

ஐந்தரைக்குக் குன்னூரில் பெட்போர்டு போகும் வழியில் போஜனின் ஒர்க்ஷாப். படகர் சமூகம், நாற்பது வயது இருக்கும். நஸ்ரின் வீட்டு வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சிரித்துவிட்டார்.

"கீழ வண்டிங்களா?"

"ஈரோடுங்க" என்றேன்.

"அதானே பாத்தேன். எஞ்சின்ல இருந்து ஹீட்டருக்குச் சுடுதண்ணி கொண்டுபோற ஹோஸ் ரெண்டையும் கழட்டி, ஒண்ணோட ஒண்ணு சேத்து மாட்டியிருக்காங்க பாருங்க. சுடுதண்ணி உள்ளயே போகாம திரும்பிருது. அப்புறம் ஹீட்டர் எங்கிருந்துங்க சுடும்?"

"இத யாருங்க பண்ணுனது?"

என் கணவர் எதிர்ச்சுவரில் தொங்கிய டயரை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றேன்.

"அது வந்து சாந்தி... மூணு வருசத்துக்கு முன்னால அக்கினி நட்சத்திரத்துல ஏசி குளிரலேன்னு நீ சத்தம் போட்டியே. நம்ம மெக்கானிக்கு சொன்னாப்ல, நம்ம ஊருக்கு எதுக்குங்க ஹீட்டரு, அதக் கழட்டி உட்டா ஏசி ஜில்லுனு இருக்கும்னு. இருந்துச்சா இல்லியா?"

இருந்தது. மூன்று வருடமாக நான் பெருமை பேசிக்கொண்டிருந்த குளிர்ச்சி இதுதான். சமவெளி மெக்கானிக்குகள் பாதிப்பேர் இதைச் செய்கிறார்களாம். மலையேறி வரும் காரில் கண்ணாடி வெளுத்திருந்தால் முதலில் இந்த ஹோஸைத்தான் பார்ப்பேன் என்றார் போஜன். நான் என் கணவரிடம் எதுவும் பேசவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலிக்கும்.

முக்கால் மணி நேரத்தில் ஹோஸ்களைப் பழையபடி மாட்டி, கூலண்ட் ஊற்றி, உள்ளே அடைந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தார். சிவப்புப் பக்கம் திருப்பினேன். காலடியில் இளஞ்சூடு பரவியது, கண்ணாடி ஓரத்திலிருந்து நடுவுக்குத் தெளிந்துகொண்டே வந்தது. வெளியே பதினான்கு டிகிரி. வீடு வரை ஒன்றரைக் கிலோமீட்டர்தான். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகலாமா என்று நஸ்ரினே கேட்டாள். நீலப் பக்கம் திருப்பிப் பார்க்க எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. போஜனுக்கும் தோன்றவில்லை. அந்தக் குளிரில் யார் திருப்புவார்கள்?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அஃப்ரினும் அவள் அப்பாவும் உறவினர்களும் வேன்களில் மலை இறங்கிவிட்டார்கள். நிக்காஹ் பதினொன்றரைக்கு. "பொண்ணுக்கு அம்மா இல்லாம வேன் போகுது பாரு" என்று யாரோ கேலி செய்ததற்கு, "நான் சாக்லேட்டோட வர்றேன்" என்றாள் நஸ்ரின். டிக்கிக்குள் ஏசி போகாது. அதனால் சின்னப் பெட்டிகளை ஐம்பது ஐம்பதாக அடுக்கிய ஒன்பது அட்டைப்பெட்டிகளையும் காருக்குள்ளேயே ஏற்றினோம். பின்சீட்டில் ஏழு, நடுவில் சந்து விட்டு நஸ்ரின், என் கணவர் மடியில் இரண்டு. பெட்டிகளின்மேல் கனமான கம்பளிகளைப் போர்த்தினாள்.

"அதுக்குமா குளிருது, அம்மணி?" என்றார் என் கணவர். முந்தின நாளிலிருந்து அவர் வாய் திறந்து பேசியது அதுதான் முதல்முறை.

"உள்ள இருக்கற குளிரு வெளிய போகாம இருக்கறதுக்குண்ணா."

ஆறே முக்கால். உள்ளே ஜில்லென்று ஆக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று ஏசியைப் போட்டு, குமிழை நீலத்தின் கடைசிக்குத் திருப்பினேன்.

வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

இரண்டு முறை மாற்றித் திருப்பினேன். அதே சூடு. பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். நஸ்ரின் கம்பளிக்குள் கையை விட்டு ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். லட்டு வாங்கியிருக்கலாம் என்று யார் யார் சொல்வார்கள் என்பது அவள் முகத்தில் வரிசையாகத் தெரிந்தது.

போன் போட்டதும் போஜன் தன் ஊரிலிருந்து பைக்கில் வந்துவிட்டார். ஏழரை ஆகியிருந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து, என்னைக் குமிழைத் திருப்பச் சொல்லிக் காதால் கேட்டார்.

"மேடம், உள்ள ஒரு சின்னக் கதவு இருக்குங்க. நீங்க திருப்பும்போது அதுதான் சுடுகாத்த அடைச்சு, குளிர்காத்த உடும். அது பாதியில சிக்கிக்கிச்சு. இன்னிக்கு நேத்து இல்ல, மூணு வருசமாவே சிக்கித்தான் இருந்திருக்கும். உங்க மெக்கானிக்கு கதவச் சரி பண்ணாம சுடுதண்ணியையே நிறுத்திட்டாரு. நான் தண்ணியத் திருப்பி உட்டேன், கதவப் பாக்கல. என் தப்புதாங்க."

"இப்ப சரி பண்ண முடியுங்களா?"

"டேஷ்போர்டு முழுக்கக் கழட்டணும். ஒரு நாள் வேலைங்க."

அக்கம்பக்கத்து டாக்சிகள் எல்லாம் கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்குமாகப் போய்விட்டிருந்தன. "பழையபடியே மாட்டிக் கொடுத்துருங்க போஜன்" என்றாள் நஸ்ரின். நான் தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கேட் தெரியவில்லை, அவ்வளவு பனி. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு, அதுவும் இறக்கத்தில், அதுவும் அவளை வைத்துக்கொண்டு ஓட்ட என்னால் முடியாது. சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்தது. வாக்குக் கொடுத்தவள் நான்தானே.

போஜன் பானெட்டைத் திறந்து, ஹோஸ் போகும் வழியை விரலால் தடவிப் பார்த்தார். "மேல சூடு வேணும், கீழ வேண்டாம். அவ்வளவுதானுங்களே?" என்றார். "அக்கா, கடைச் சாவி யார்கிட்ட?"

நஸ்ரின் இடுப்பைத் தொட்டாள். அந்தச் சாவியும் அங்கேதான் இருந்தது.

மகளின் நிக்காஹ் அன்று காலை எட்டு மணிக்கு, பட்டுப்புடவையோடு நஸ்ரின் கடைவீதியில் ஹார்டுவேர் கடையின் ஷட்டரைத் தூக்கினாள். பைப்புகளும் வாளிகளும் இருந்த இருட்டுக்குள் போஜன் டார்ச்சோடு போனார். சுடுதண்ணீர்க் குழாயில் மாட்டும் பித்தளை வால்வு ஒன்று, இரண்டு பக்கமும் மாட்ட நிப்பிள், நான்கு கிளாம்ப். ஹோஸை நடுவில் வெட்டி, அதில் இந்த வால்வுக் குழாயைப் பொருத்தினார். கைப்பிடி ஹோஸோடு ஒரே வாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

"கல்லாறு வரைக்கும் திறந்தே இருக்கட்டும்; காத்து முன் கண்ணாடிக்கு மட்டும். கல்லாத்துல வண்டிய நிறுத்தி இத மூடிருங்க. சூடா இருக்கும், துணி புடிச்சுத் திருப்புங்க. அப்புறம் ஏசி."

"நான் மூடறேனுங்க" என்றார் என் கணவர், யாரும் கேட்காமலே.

எட்டு ஐம்பதுக்குக் கிளம்பினோம். முன் கண்ணாடி தெளிவாக இருந்தது. பின்பக்கச் சன்னல்களை இரண்டு விரல் இறக்கி, குளிர்காற்று பெட்டிகள்மேல் படும்படி வைத்தாள் நஸ்ரின்; என் கணவர் மடியிலிருந்த இரண்டுக்கும் கம்பளியை இரட்டையாகச் சுற்றினாள். முன்னால் எனக்கு வெயில் காலம், பின்னால் அவளுக்கு மார்கழி. வளைவுக்கு வளைவு பெட்டிகள் சாயாமல் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டே வந்தாள். பர்லியார் வந்ததும் பனி விலகி, பாக்குமரங்களுக்கு மேல் சூரியன் தெரிந்தது. அவ்வளவு அழகான காலையை அவ்வளவு வெறுப்போடு நான் பார்த்ததில்லை.

கல்லாற்றில் ஓரம்கட்டும்போது மணி பத்து. என் கணவர் மடியிலிருந்த இரண்டு பெட்டிகளையும் என்னிடம் கொடுத்துவிட்டு, தோளில் போட்டிருந்த கல்யாண அங்கவஸ்திரத்தையே சுருட்டிப் பிடித்துக் குழாயைத் திருப்பினார். எட்டிப் பார்த்தேன். கைப்பிடி குறுக்கே நின்றது. பட்டில் கறுப்பாகக் கறை. சன்னல்களை ஏற்றி ஏசியைப் போட்டேன். முதலில் வெதுவெதுப்பு. நஸ்ரின் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். தூரிப்பாலம் தாண்டுவதற்குள் என் முழங்கை சில்லிட்டது.

மேட்டுப்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல். எட்டுக் கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். வெளியே பைக்கில் வந்தவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். உள்ளே என் கணவர் கறைபட்ட அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். நான் குறைக்கவில்லை.

மண்டபத்தில் மணமகள் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது பெட்டிகளையும் அங்கே இறக்கினோம். மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த அஃப்ரினிடம் நஸ்ரின் முதல் பெட்டியைத் திறந்து நீட்டினாள். அவள் ஒன்றை எடுத்து, அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உடைத்தாள்.

டக் என்றது.

நஸ்ரின் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பொண்ணைப் பிரிகிற அழுகை என்று சுற்றியிருந்தவர்கள் தேற்றினார்கள். அதுவும் இருந்திருக்கும்.

புரட்டாசி என்பதால் எங்களுக்கும் மற்ற சில குடும்பங்களுக்கும் தனியாகக் காய்கறி பிரியாணி போடச் சொல்லியிருந்தாள். பீன்ஸும் கேரட்டும் மலைக் காய்தான், அந்த ருசி கீழே வராது. நான்கு மணிக்கு விடைபெற்றோம். மலையைத் திரும்பிப் பார்த்தேன். உச்சி மேகத்துக்குள் இருந்தது. அங்கே பதினான்கு டிகிரி, இங்கே முப்பத்து நான்கு. நடுவில் இருப்பது ஒரு மணி நேரப் பாதை. அந்தந்த ஊர்க்காரர்கள் அந்தந்த ஊருக்கு வண்டியைச் சரிசெய்துவிடுகிறார்கள். இரண்டு ஊரையும் நினைத்து ஒரு குழாய் வைக்க நமக்கெல்லாம் மூன்று வருடமாகிறது. இந்தக் கணக்கில் அறிவியல் ஆசிரியையும் சேர்த்தி.

அன்னூரில் அதே கடையில் டீ. மண்டபத்தில் பெட்டிகளை இறக்கும்போதே நஸ்ரின் எங்களுக்கென்று எடுத்துக் கொடுத்த பெட்டி எங்கே என்று அப்போதுதான் கேட்டேன். "பத்திரமா வெச்சிருக்கேன்" என்று என் கணவர் டேஷ்போர்டின் மேலிருந்து எடுத்தார். பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை கார் நின்றது மண்டபத்து வெயிலில்.

மூடியைத் திறந்தேன். நான்கு சாக்லேட்டும் ஒன்றாகியிருந்தன. காரின் பானெட்டில் வைத்து, இருவரும் விரலால் வழித்துத் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. பெட்டி காலியாகும் நேரத்தில் நஸ்ரின் போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, சாப்பிட்டீங்களா? எப்படி இருந்துச்சு?"

மீசையில் சாக்லேட்டோடு அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து, "டக்குனு உடைஞ்சுதுங்க, அம்மணி" என்றார்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவர் மறைத்ததில் இந்த ஒன்றுக்கு மட்டும் நான் மீசையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.